முகத்தில் ஒட்டாத முகமூடி

படைப்பிரிவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. புகையண்ணன் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். விஷவாயு, நோய்க்கிருமி, அணுக்கதிர் என்று கண்ணுக்குத் தெரியாத மூன்று எதிரிகளைச் சமாளிப்பதற்கென்றே இருந்த சின்னப் பிரிவு அது. புதிதாக வரும் சிப்பாய்களைப் புகை அறைக்குள் அழைத்துப்போய், முகமூடியின்மேல் நம்பிக்கை வரவைப்பது இருபது வருடமாக அவர் வேலை.

புகை அறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மைதானத்தின் ஓரத்தில் ஜன்னல் இல்லாத ஒரு கட்டடம், நடுவில் ஒரு மின்சார அடுப்பு. அதன்மேல் கண்ணீர்ப்புகை வில்லையை வைத்தால் ஒரே நிமிடத்தில் அறை வெளுத்துவிடும். முகமூடி போட்டவர்கள் உள்ளே நின்று தலையை ஆட்ட வேண்டும், குனிந்து நிமிர வேண்டும், சத்தமாக எண்ண வேண்டும். முகமூடி ஒழுங்காக உட்கார்ந்தவனுக்கு ஒன்றும் ஆகாது. காலையில் சோம்பல்பட்டு அரைகுறையாகச் சவரம் செய்தவனுக்குக் கண்ணும் மூக்கும் கொட்டித் தீர்த்துவிடும். எச்சரிக்கை கேட்டதும் மூச்சை நிறுத்து, கண்ணை மூடு, முகமூடியை மாட்டு, உள்ளே இருக்கும் காற்றைப் பலமாக ஊதி வெளியே தள்ளு, அதற்கப்புறம்தான் மூச்சு. இத்தனைக்கும் ஒன்பது வினாடி. நாளெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி அவர் தொண்டை கட்டிக்கொள்ளும்.

வீட்டுக்கு வந்தால் அந்தத் தொண்டைக்கு வேலையே கிடையாது.

மகளுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தபோது மனைவி துணைக்குப் போனாள். ரெண்டே மாசம் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். குழந்தைகள் ஒன்று தூங்கினால் மற்றது விழிக்கும். மகள் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. மாப்பிள்ளை மாதத்தில் பாதி நாள் வெளியூர். ரெண்டு மாதம் ஆறாகி, ஆறு பதினாலானது. சண்டையும் இல்லை, சச்சரவும் இல்லை. எப்போ வருவே என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. கேட்டால் அவள் மனசு இரண்டாகும் என்று தெரியும். சாயங்காலம் போனில் சாப்பிட்டீங்களா என்று கேட்பாள். ஆச்சு என்பார். பெரும்பாலும் அது ரொட்டியும் டீயும்தான்.

கொஞ்ச நாள் சிப்பாய்கள் சாப்பிடும் கூடத்துக்குப் போய்ப் பார்த்தார். அவர் தட்டோடு உட்கார்ந்ததும் மேஜையில் கலகலவென்று இருந்த பேச்சு நின்றுவிடும். அவனவன் அவசரமாக விழுங்கிவிட்டு எழுந்துவிடுவான். நாலு நாளில் போவதை விட்டுவிட்டார். அந்த வருடம் கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்க வேண்டியும் வந்தது. பெல்ட்டில் ஆணியால் இரண்டு ஓட்டை கூடுதலாகப் போட்டுக்கொண்டார்.

முதல் தடவை புகை அறையில் கண் எரிந்தபோது முகமூடியின் ரப்பர் கிழடு தட்டிவிட்டது என்று நினைத்தார். கிடங்கிலிருந்து வேறு எடுத்தார். அதிலும் எரிந்தது. மூன்றாவது, உறை பிரிக்காத புது முகமூடி. வடிகட்டியின் வாயை உள்ளங்கையால் பொத்தி மூச்சை உள்ளே இழுத்தார். இழுத்தால் முகமூடி கன்னத்தோடு ஒட்டி அப்படியே நிற்க வேண்டும். நிற்கவில்லை. தாடையோரம் மெல்லிய சீட்டிச் சத்தத்தோடு காற்று நுழைந்தது. அன்றைக்குக் குளியலறைக் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கன்னம் இரண்டும் குழி விழுந்திருந்தன. பழுது முகமூடியில் இல்லை, முகத்தில்.

சின்ன அளவு கேட்டு எழுதிக்கொடுத்திருக்கலாம். எழுதினால் மருத்துவரிடம் அனுப்புவார்கள், எடை பார்ப்பார்கள், எங்காவது வாயு கசிந்தால் ஓடும் அவசர அணியிலிருந்து தூக்கிவிடுவார்கள். அணியில் எல்லோரும் ஜோடி ஜோடியாகத்தான் வேலை செய்வார்கள். கரிப்பொடி வைத்துத் தைத்த அந்தக் கனமான உடையைப் போட்டுக்கொண்டவனால் தன் முதுகைத் தானே பார்த்துக்கொள்ள முடியாது. ஜோடிதான் தலைமூடியின் மடிப்பை நீவி, வார்களைச் சரிபார்த்து, தோளில் இரண்டு தட்டு தட்டி அனுப்ப வேண்டும். அவருடைய ஜோடிக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். முகமூடிக்குள்ளேயும் ஓயாமல் பேசுகிறவன். பாதி யாருக்கும் புரியாது, அதைப் பற்றி அவனுக்குக் கவலையும் இல்லை. வாரத்தில் மூன்று நாள் ரேடியோவின் கை தோளில் விழும். அதைத் தவிர வேறொரு மனுஷக் கை அவர்மேல் பட்டு எத்தனையோ காலமாகியிருந்தது.

அதனால் வார்களை இறுக்கிக்கொண்டார். நெற்றியில் தழும்பு விழுந்தது, தலை விண்ணென்று தெறித்தது. ஆறு மாதத்துக்கொரு முறை வரும் முகமூடிச் சோதனைத் தாளில் சோதித்தவர், சோதிக்கப்பட்டவர் இரண்டு இடத்திலும் அவர் கையெழுத்தே இருந்தது. இப்படியே மூன்று மாதம் ஓட்டினார்.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு அவசர மணி அடித்தது. குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் குளோரின் உருளை கசிகிறது, உள்ளே ஒரு தொழிலாளி மாட்டிக்கொண்டிருக்கிறான் என்றார்கள். வண்டியைக் காற்று வரும் திசையில், மேட்டில் நிறுத்தினார்கள். கீழே உருளை அறையின் வாசலில் மஞ்சள் கலந்த பச்சையாக ஏதோ தரையோடு தரையாகத் தவழ்ந்துகொண்டிருந்தது. காற்றைவிடக் கனம் அது. பள்ளம் பார்த்துப் போய்ப் படுத்துக்கொள்ளும். சாதாரண வடிகட்டி அங்கே தாங்காது என்று முதுகில் காற்றுருளை மாட்டச் சொன்னார் அணித் தலைவியான கேப்டன் அம்மா. புகையண்ணனும் ரேடியோவும் முதல் ஜோடி.

உடை போட்டாயிற்று. கையுறை இரண்டு அடுக்கு, மணிக்கட்டில் ஒட்டுநாடா. ரேடியோ முதுகில் வார்களை இழுத்துப் பார்த்து இரண்டு தட்டு தட்டினான். முகமூடியை மாட்டி, அதன் காற்றுக் குழாயை அழுத்தி மூடிக்கொண்டு அவர் மூச்சை இழுத்துப் பார்த்தார். தாடையோரம் அதே சீட்டிச் சத்தம்.

உள்ளே போய் அவர் விழுந்தால் அவரைத் தூக்க ரேடியோதான் வர வேண்டும். அப்புறம் அந்தத் தொழிலாளியைத் தூக்க யாரும் இருக்க மாட்டார்கள். இந்தக் கணக்கு மூன்று மாதமாகத் தெரிந்ததுதான். அன்றைக்கு அந்தப் பச்சையைப் பார்த்தபோது தட்டிக்கழிக்க முடியவில்லை. முகமூடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கேப்டனிடம் நடந்தார்.

"மேடம், எனக்கு இது முகத்துல ஒட்டல. காத்து வருது."

"எப்பத்துலேருந்து?"

இன்றைக்குத்தான் என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும்.

"மூணு மாசமா."

கேப்டன் திரும்பி, அணியில் பயிற்சி முடித்திருந்த அலுவலக எழுத்தரைக் கூப்பிட்டு உடை போடச் சொன்னார். ஐந்து நிமிடம் அதில் போயிற்று. அந்த ஐந்து நிமிடமும் யாரும் புகையண்ணன் பக்கம் திரும்பவில்லை.

அவரைக் கழுவும் வரிசைக்கு அனுப்பினார்கள். உள்ளே போனவர்கள் திரும்பும்போது தண்ணீர் பீய்ச்சி, உடையைக் கழற்றிவிடும் இடம் அது. இருபது நிமிடம் கழித்து ரேடியோவும் எழுத்தரும் அந்தத் தொழிலாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உயிர் இருந்தது. இருமிக்கொண்டே ஆம்புலன்ஸில் போனான். அதற்குப் பிறகு இன்னொரு ஜோடி போய் வால்வை அடைத்தது.

புகையண்ணன் ரேடியோவைத் தலையிலிருந்து கால்வரை நனைத்தார். நாடாவை வெட்டினார். உடையின் வெளிப்புறம் தோலில் படாதபடி உள்பக்கம் வெளியே வரச் சுருட்டிச் சுருட்டிக் கால்வரை இறக்கினார். கடைசியாக முகமூடி. வியர்வையில் ஊறிப்போன முகத்தோடு ரேடியோ அவரைப் பார்த்தான்.

"இந்த மூணு மாசமா உங்க முதுகைப் பாத்தவன் நான். எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேண்ணே."

அவர் குனிந்து முகமூடியைக் கழுவும் தொட்டியில் போட்டார். ரேடியோ வண்டிப் பக்கம் போய்விட்டான்.

மறுநாள் கேப்டன் அம்மா அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நேற்று வாய் திறந்து சொன்னதற்காக உங்கள்மேல் மரியாதை இருக்கிறது, மூன்று மாதம் சொல்லாமல் இருந்ததற்காக மேலிடத்துக்கு எழுதித்தான் ஆக வேண்டும் என்றார். எழுதினார். அணியிலிருந்து பெயர் போயிற்று. புகை அறை எழுத்தரிடம் போயிற்று.

அன்று சாயங்காலம் மனைவி வழக்கம்போல் சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். ஆச்சு என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லாமல், நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார், பெல்ட் ஓட்டை உட்பட. அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுதுகொண்டே இருந்தது. அவள் அதைச் சமாதானப்படுத்தவில்லை.

"இங்க வந்துடுங்க. என்னால அங்க வர முடியல. நீங்கதான் வரணும்," என்றாள் கடைசியில்.

ராத்திரியில் தானும் தனியாகத்தான் விழித்துக் கிடப்பதாகச் சொன்னாள். தான் ஒருத்தன்தான் தனியாக இருக்கிறோம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தது அவருக்கு வெட்கமாக இருந்தது.

மகள் இருக்கும் ஊரில் படையின் கிடங்கு ஒன்று இருந்தது. ஆயிரக்கணக்கான முகமூடிகளும் வடிகட்டிகளும் பெட்டி பெட்டியாக அடுக்கிக் கிடக்கும். எது காலாவதியாகிறது என்று பார்க்க ஆள் தேவைப்பட்டது. யாரும் விரும்பிப் போகாத இடம். மாற்றல் கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். கிளம்பும் அன்று ரேடியோ பேருந்து நிலையம்வரை கூட வந்து பெட்டியை ஏற்றினான். வழிநெடுக இரண்டு வார்த்தைகூடப் பேசவில்லை. பெட்டியை வைத்துவிட்டுப் பேருந்திலிருந்து இறங்கும்போது, போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுங்க என்று மட்டும் சொன்னான். அவர் பண்ணினார். மணி அடித்தது, எடுக்கவில்லை. ஒரு வாரம் கழித்து அவனே கூப்பிட்டு எழுத்தரைப் பற்றி அரை மணி நேரம் குறை சொன்னான்.

கிடங்கில் பகலெல்லாம் அவர் ஒருத்தர்தான். பெட்டிகளுக்கு நடுவே தேதி பார்த்து, ரப்பரை இழுத்துப் பார்த்து, உள்ளங்கையால் பொத்தி மூச்சிழுத்துப் பார்த்துப் பொழுது போகும். அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போவார். புதுப் பல் கட்டியாயிற்று. கன்னம் கொஞ்சம் தேறியிருக்கிறது, முழுசாக இல்லை. இரட்டையரில் பேரன் வந்த மறுநாளே அவர் மடியில் ஏறிக்கொண்டான். பேத்திக்கு மாத்திரம் அவர் இன்னும் யாரோ. அவர் உள்ளே வந்தால் எழுந்து பாட்டியின் பின்னால் போய் நின்றுகொள்கிறாள்.