தொட்டிலுக்கு ஒரு கேமரா

தொண்ணூறுகளின் தொடக்கம். அப்போது நான் மலேசியாவில், பினாங்கு டத்தோ கிராமாட்டில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தேன். லிட்டில் இந்தியா நகைக்கடைகளுக்குக் கண்காணிப்புக் கேமரா மாட்டிக் கொடுப்பது என் வேலை. அந்த வேலை தெரிந்தவர்கள் அன்று அதிகம் இல்லை என்பதால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கடைக்குள் நுழைந்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், கேமரா இங்கே, டிவி அங்கே என்று சொல்லிவிடுவேன். முதலாளியிடம்கூட எதுவும் கேட்கமாட்டேன்.

அடுத்த வீட்டில் ஓர் இளம் தம்பதி இருந்தார்கள். கணவருக்குத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. மனைவிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. முன்னறையில் மெஷின் போட்டு ரவிக்கை தைப்பார். அவர்களுக்கு ஐந்து மாதப் பெண் குழந்தை. துணித் தூசி ஒத்துக்கொள்ளாமல் குழந்தைக்கு மூச்சு இழுத்ததால் தொட்டிலைப் பின்னறைக்கு மாற்றியிருந்தார்கள். அந்தப் பெண் நாலு தையல் போடுவார், எழுந்து போய்ப் பார்ப்பார், வந்து மறுபடி உட்காருவார். பார்க்கவே பாவமாக இருக்கும்.

ஒருநாள் கணவரின் அக்கா தாசேக் கெலுகோர் ஊரிலிருந்து சொல்லாமல் வந்திருக்கிறார். பின்னறையில் குழந்தை அழுது அழுது தொண்டை கட்டிப்போய்க் கிடந்ததாம். அவசரத் தையல் ஒன்றில் மூழ்கியிருந்த தாய்க்கு அது தெரியவில்லை. அந்த அக்கா ஒன்றும் பொல்லாதவர் இல்லை. மனசு கேட்காமல்தான், பிள்ளை கொஞ்சம் வளரும்வரை என் வீட்டில் இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் கணவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, நகைக்கடையில மாட்டுறீங்களே, அந்த மாதிரி கேமரா ஒண்ணு நம்ம வீட்டுல மாட்ட முடியுமா? பிள்ளைய கூட்டிட்டுப் போறாங்கன்னு தெரிஞ்சதுலேருந்து அவ சாப்பிடவே இல்லண்ணே."

ஒரு கடையில் கழித்துப்போட்ட கறுப்பு வெள்ளைக் கேமராவும் சின்ன டிவியும் என்னிடம் சும்மா கிடந்தன. "இதெல்லாம் ஒரு வேலையாலா" என்று சொல்லி அனுப்பினேன்.

ஞாயிறு காலையில் போய்த் தொட்டிலைப் பார்த்தபடி கேமராவை மாட்டினேன். கடைகளில் வைப்பதுபோல டிவியை முன்னறையில் உயரமான அலமாரி மேல் வைத்தேன். அதற்குள் அக்காவும் பையோடு வந்துவிட்டார். எல்லோரையும் நிற்கவைத்து, பெருமையாக டிவியைப் போட்டேன்.

திரையில் துணி தெரிந்தது. வெறும் துணி.

நம் வீடுகளில் தொட்டில் என்றால் என்ன? உத்தரத்தில் ஒரு ஸ்பிரிங், அதில் தொங்கும் சாரோங் துணி. பிள்ளையை உள்ளே போட்டால் துணி இரண்டு பக்கமும் மூடிக்கொள்ளும். அப்படியொரு தொட்டிலில் தூங்கி வளர்ந்தவன்தான் நானும். ஆனால் கேமராவைக் கையில் எடுத்ததும் அது எனக்குத் தோன்றவே இல்லை.

"தம்பி, துணிதானலா தெரியுது, பிள்ள எங்க?" என்றார் அக்கா.

கேமராவைத் தொட்டிலுக்கு நேர் மேலே கொண்டுபோனேன். அங்கேயும் துணிதான். குழந்தையை மெத்தையில் கிடத்திப் பார்த்தோம், வீடே இடிகிற மாதிரி கத்தியது. எனக்கு வியர்த்துக் கொட்டியது. அக்கா குழந்தையின் சட்டைகளை மடித்துப் பையில் வைக்கத் தொடங்கினார்.

அந்தப் பெண் பையைப் பார்த்தார். பிறகு குழந்தையைத் திரும்பத் தொட்டிலில் போட்டு ஆட்டித் தூங்கவைத்தார். ஒரு நாற்காலியை இழுத்து, அதன் மேல் ஏறி, கேமராவை உத்தரத்துப் பக்கமாகத் திருப்பினார். இப்போது அது பார்த்தது ஸ்பிரிங்கை மட்டும்தான். பாவம், இந்தப் பெண்ணுக்கு விஷயம் புரியவில்லை என்று நினைத்தேன். அவர் முன்னறைக்கு வந்து, அலமாரி மேலிருந்த டிவியை இறக்கி, மெஷினில் ஊசிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தைக்க உட்கார்ந்தார்.

கணவர் எங்களுக்குக் காப்பி கொண்டுவந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஸ்பிரிங் அசையாமல் தொங்கியது. அக்கா ஒரு காதைப் பின்னறைப் பக்கமே வைத்திருந்தார். எனக்கும் ஒரு சத்தமும் கேட்கவில்லை. திடீரென்று அந்தப் பெண் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து உள்ளே போனார். ஏன் போகிறார் என்று தெரியாமல் நாங்களும் பின்னாலேயே போனோம்.

அவர் துணியை விலக்கிக் காட்டினார். குழந்தை கண்ணைத் திறந்து காலை உதைத்துக்கொண்டிருந்தது. இன்னும் அழ ஆரம்பிக்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் பொக்கை வாயைத் திறந்து சிரித்தது.

அவர் விரல்களை அசைத்துக் காட்டியதைக் கணவர் எங்களுக்குச் சொன்னார். தூங்கும்போது ஸ்பிரிங் சும்மா இருக்குமாம். விழித்தால் மெல்லத் துள்ளுமாம். பசித்தால் வேறு மாதிரி, அழுதால் வேறு மாதிரியாம். ஐந்து மாதமாக அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதை முன்னறையிலிருந்து பார்க்க மட்டும்தான் அவருக்கு வழி இல்லாமல் இருந்தது.

அக்கா "நானா இருந்தா அழுத பெறகுதான் வந்திருப்பேன்" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். அப்போதுதான் அந்தப் பெண் அழுதார். அக்கா அவரை இழுத்து அணைத்துக்கொண்டார்.

அதன் பிறகு எங்கே வேலைக்குப் போனாலும், இங்கே நீங்கள் எதைப் பார்ப்பீர்கள் என்று அங்கே இருப்பவர்களைக் கேட்காமல் நான் ஓர் ஆணிகூட அடித்ததில்லை. எத்தனையோ கேமராக்கள் மாட்டிவிட்டேன். ஆனால் இரண்டு காதும் நன்றாகக் கேட்கிற நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, தன் பிள்ளை அழுவதற்கு முன்பே எழுந்து போன அந்தத் தாயை இன்றும் நான் மறக்கவில்லை.