சிவப்பை மட்டும் விட்டுவைத்த மண்

என் பெரியம்மாவின் மூத்த மகளைக் கட்டியவருக்கு ‘மண்ணுளி’ என்று பெயர் வைத்ததே அவர் மாமனார்தான். ரொட்டிக் கடைகளுக்கு அடுப்பு கட்டுவது மண்ணுளியின் தொழில். முழங்கைவரை களிமண் இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை.

பக்கத்து வீட்டில் அவருடைய அக்காள் நூலுக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தாள். கணவன் இல்லாதவள், பிழைப்பே அதுதான். கழிவுத் தண்ணீர் ஓடிவந்து நின்றதோ தம்பி மனைவியின் கீரைப் பாத்தியில்.

“பாத்தி முழுக்கக் கருகிப்போச்சு. ஒண்ணு உங்க அக்கா சாயத்த நிறுத்தணும், இல்ல நான் பிள்ளைங்களோட எங்கம்மா வீட்டுக்குப் போறேன்” என்றாள் மனைவி. அக்காளிடம் போய்ச் சொல்ல மண்ணுளிக்கு நாக்கு எழவில்லை.

அப்போது ஒரு மழையில் வாய்க்கால் பொங்கி, அவர் ஊறவைத்திருந்த களிமண் தொட்டிக்குள் ஊதாத் தண்ணீர் புகுந்துவிட்டது. மண் தேறுமா என்று திட்டிக்கொண்டே கலக்கிப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் வந்தால், அடியில் மண் கத்தரிப்பூ நிறம். மேலே நின்ற தண்ணீரில் அடிவரை தெரிகிறது.

கோபம் போன இடம் தெரியவில்லை. வீட்டிலிருந்த டம்ளர் அத்தனையிலும் சாயத்தையும் மண்ணையும் கலக்கிவைத்துக் கன்னத்தில் கையோடு உட்கார்ந்துவிட்டார். ஊதா போயிற்று. பச்சை போயிற்று. சிவப்பு மட்டும் விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி நகர்வேனா என்றது.

“மண்ணுக்குக்கூடப் பிடிக்காத நிறம் இருக்குமாக்கா?”

“நீ சின்னதுல பாலத் துப்புவியே, அது மாதிரிதான்டா.”

வாய்க்கால் வழியில் இரண்டு தொட்டி கட்டினார், கலக்க ஒன்று, தெளிய ஒன்று. அக்காள் சிவப்பை விட்டுவிட்டாள். சாயம் குடித்த மண்ணை அடுப்புக்கே பூசினார். சூடேறியதும் ஊதா போய்ப் பழைய செங்கல் நிறமே வந்தது. அந்த மண்ணில் விளையாடிப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஊதாச் சட்டை. தெருவில் ‘கத்தரிக்காய்க் குடும்பம்’ என்றார்கள்.

தெளிந்த தண்ணீரை மனைவி நம்பவில்லை. பாத்தியின் ஒரு மூலைக்கு மட்டும் ஊற்றிப் பார்த்தாள். கீரை துளிர்த்தது. அம்மா வீட்டுப் பேச்சு அதோடு நின்றது.

ஆனால் மண்ணுளியின் ஜன்னலில் சிவப்பு தெளியாத ஒரு கண்ணாடி டம்ளர் இருந்துகொண்டேதான் இருந்தது. ஒருநாள் மனைவியே அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“சிவப்பு இல்லன்னதும் உங்க அக்காகிட்ட பாதி ஆளு வர்றதில்ல, பாவம். இதுல கொஞ்சம் அடுப்புச் சாம்பலப் போட்டுப் பாருங்களேன்” என்றாள்.