டெண்டர் ஏற்றித் தரும் அண்ணனுக்கு

என் ரேட்டை என் போட்டிக்காரருக்குச் சொன்னது நீங்கள்தான். அந்த மூன்று டெண்டரிலும் நான் என்ன போட்டேன் என்பது என்னையும் உங்களையும் தவிர யாருக்கும் தெரியாது. என் மனைவிக்குக்கூடத் தெரியாது.

தல்லாகுளத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்துக்கொண்டு, எங்களைப் போன்ற சிறு கான்ட்ராக்டர்களுக்கு அரசாங்க டெண்டர் ஏற்றித் தருகிற உங்களைத்தான் சொல்கிறேன். பெயர் போடவில்லை. படிக்கிறபோது உங்களுக்கே தெரியும்.

நான் தரை போடுகிறவன். டைல்ஸ், கிரானைட், இரண்டும். வைகாசியிலும் ஆவணியிலும் வீட்டு வேலை குவியும். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் புது வீடு புக மாட்டார்கள், என்னையும் கூப்பிட மாட்டார்கள். அந்த மாதங்களில் ஆட்களைத் தக்கவைக்க வேண்டுமென்றால் அரசாங்க வேலை வேண்டும். அதற்காகத்தான் அலைந்து திரிந்து கான்ட்ராக்டர் பதிவு வாங்கினேன். என்னிடம் ஆறு பேர் வேலை பார்த்தாலும் நம்பி விட்டுவிட்டுப் போகக்கூடிய ஆள் ஒருவர்தான். டி. கல்லுப்பட்டிக் கொத்தனார். நான் சைட்டுக்குப் போகாவிட்டாலும் தரை மட்டமாக இருக்கும்.

அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "அண்ணே, வருசம் பூரா வேலை குடுங்க. நான் எங்கயும் போக மாட்டேன்."

சரி என்றேன். அந்தச் சரியைக் காப்பாற்றத்தான் உங்கள் படியேறினேன்.

இப்போது பெட்டியில் கவர் போடும் வழக்கமில்லை. எல்லாம் ஆன்லைன். கையெழுத்துக்குப் பதிலாகப் பென்டிரைவ் மாதிரி ஒரு டோக்கன், அதற்கு ஒரு பாஸ்வேர்ட். கம்ப்யூட்டர் பழகாத நாங்கள் பல பேர் இரண்டையும் உங்களிடமே விட்டுவைத்தோம். ரேட்டைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்போம், நீங்கள் அடிப்பீர்கள். எனக்கும் நீங்கள்தான், என் போட்டிக்காரருக்கும் நீங்கள்தான். அது எங்கள் யாருக்கும் கோளாறாகவே படவில்லை. ஒரே சலூனில் முடிவெட்டிக்கொள்கிற மாதிரி போய் வந்துகொண்டிருந்தோம்.

ஒரு அங்கன்வாடி வேலை கைவிட்டுப் போனது. ஒரு சுகாதார நிலையம் போனது. அப்புறம் ஒரு ஆரம்பப் பள்ளி. மூன்றையும் எடுத்தவர் ஒரே ஆள். திருமங்கலத்துக்காரர், என்னைவிட மூத்தவர், நான்கு டெம்போ வைத்திருப்பவர். மூன்றிலும் எனக்கு மயிரிழை கீழே. ஒவ்வொரு தடவையும் நான் என் லாபத்தைச் சுரண்டிச் சுரண்டித்தான் ரேட் போட்டேன். அதற்கும் கீழே ஒருவர் சரியாக வந்து உட்கார்ந்தார்.

நீங்கள் எனக்கு ஆறுதல் வேறு சொன்னீர்கள். "விடுங்கண்ணே, அவருக்குக் கை ராசி. அடுத்ததுல இன்னும் கொஞ்சம் கொறச்சுப் பாருங்க."

எம்புட்டுத் தைரியம் உங்களுக்கு.

அந்த மார்கழியில் எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. வேலையே இல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு திருமங்கலத்துக்கும் தல்லாகுளத்துக்கும் சுற்றினேன். போகிற வழியில் அந்த ஆரம்பப் பள்ளி வாசலில் நிற்பேன். வேறு ஆட்கள் கலவை போட்டுக்கொண்டிருப்பார்கள். பார்த்துவிட்டுக் கிளம்புவேன். மறுநாளும் போவேன். தை பிறப்பதற்குள் கொத்தனார் கேரளாவுக்குப் பஸ் ஏறிவிட்டார்.

என் டோக்கனுக்குக் காலாவதி வந்தது. புதியது கூரியரில் வீட்டுக்கே வந்தது. உங்களிடம் கொடுக்கக் கிளம்பினேன். என் மனைவி தனியார் பள்ளியில் டீச்சர்.

"எங்க கொண்டு போறீங்க?"

"டெண்டர் ஏத்தணும்ல."

"பள்ளிக்கூடத்துல அம்புட்டுப் பிள்ளைக மார்க்கையும் நான்தான் ஏத்துறேன். இது எனக்கு வராதாக்கும்? உக்காருங்க."

தப்பும் தவறுமாக அழித்து அழித்து ஏற்றி முடித்தாள். ஒரு உயர்நிலைப் பள்ளியின் வகுப்பறைத் தரை. அது எனக்கு விழுந்தது. திருமங்கலத்துக்காரர் அந்தத் தடவை எனக்கு மிகவும் மேலே இருந்தார். அவர் அவ்வளவு ரேட் போட்டு நான் பார்த்ததே இல்லை.

டெண்டர் விட்ட அலுவலக வாசலில் அவரே என்னைப் பிடித்தார்.

"என்ன மாப்ள, எங்குட்டுக் கூடி வந்த? நீ இந்தத் தடவை போடலைன்னுல நெனச்சேன்."

"போடலைன்னு யாருண்ணே சொன்னா?"

"சென்டர்லதான். உன் சீட்டே வரலைன்னாப்ல..." என்றவர் பாதியில் நிறுத்தினார். போன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார். போன் அடிக்கவே இல்லை.

நான் கொத்தனாரைக் கூப்பிட்டேன். பள்ளிக்கூடம் கிடைத்துவிட்டது, வாருங்கள் என்றேன்.

"இப்பச் சொல்றீகளேண்ணே. இங்க பிள்ளையவும் பள்ளிக்கூடத்துல சேத்துட்டேன். மூணு தடவையும் நீங்க ஒழுங்காப் போடலையோன்னு நெனச்சுட்டேன்." அப்புறம், "வீட்டுல அக்காவக் கேட்டதாச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

ஒழுங்காகப் போட்டேன். அவரிடம் அதை நிரூபிக்க என் கையில் ஒன்றுமில்லை. வேலை இருக்கிறது, அதைச் செய்ய வேண்டிய கை ஆலப்புழையில் இருக்கிறது. புது ஆட்களை வைத்து முதல் அறையில் ஒட்டியதைப் பெயர்த்து மறுபடியும் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

நேரே வந்து உங்களைக் கேட்டேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள். "சத்தம் போடாதீங்கண்ணே, யாவாரம் நடக்கிற இடம்" என்றீர்கள். மறுநாள் ஆள் விட்டு அனுப்பினீர்கள்: "வீட்டுக்கு வரச் சொன்னாருண்ணே. டீயக் குடிச்சிட்டு உக்காந்து பேசிக்கிரலாமாம்."

வர மாட்டேன். உங்கள் வீட்டு டீ எனக்கு வேண்டாம். இந்த மாதம் கான்ட்ராக்டர்கள் சங்கக் கூட்டம் இருக்கிறது. உங்களை நம்பி டோக்கன் கொடுத்தவர்கள் எல்லோரும் வருவார்கள். கேரளாவிலிருக்கும் கொத்தனாரைப் போனில் பிடித்து மைக் பக்கத்தில் வைக்கிறேன். அவருக்கும் கேட்க வேண்டும். மேடையேறி நின்று சொல்லுங்கள்: என் ரேட்டை எதற்காகக் காட்டினீர்கள்? இன்னும் யார் யார் ரேட்டையெல்லாம் யார் யாருக்குக் காட்டினீர்கள்?