காய்ந்த பிறகு மிஞ்சுவது

அவளுடைய இடது கை கடைக்குச் சொந்தம். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் சோப்பு படக்கூடாது, வளையல் கூடாது, வெயில்கூட ஆகாது. வெங்காயம் உரிக்கும்போதுகூட அந்தக் கைக்கு மட்டும் உறை.

"உனக்கு ரெண்டு பிள்ளைம்மா. நான் ஒண்ணு, அந்தக் கை ஒண்ணு. செல்லமெல்லாம் அதுக்குத்தான்" என்பாள் மகள்.

முன்னால் கண்ணாடி அலமாரி, பின்னால் கலவை அறை. வாசனைத் திரவியம் செய்யும் சின்னக் கடை அது. கலவை செய்கிறவளை எல்லோரும் 'மூக்கு' என்பார்கள், இவளைக் 'கை' என்பார்கள். காகிதப் பட்டையில் மணப்பது வேறு, மனிதத் தோலில் மணப்பது வேறு. காலையில் மூக்கு இவள் கையில் ஒரு சொட்டு வைத்துவிட்டு, பொழுது சாயும்வரை வந்து வந்து முகர்ந்துவிட்டுப் போவாள். இவள் பாட்டுக்குப் புட்டிகளில் லேபிள் ஒட்டிக்கொண்டிருப்பாள்.

இந்த முறை செய்தது ஆண், பெண் இருவருக்கும் பொதுவான ஒன்று. ஆண் கை ஒன்றும் தேவைப்பட்டது. சரக்கு வண்டி ஓட்டுநர் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"காலமெல்லாம் ஸ்டீயரிங் பிடிச்ச கை மேடம். டீசல் வாடை அடிச்சா என்னைக் கேட்காதீங்க."

எடுத்த எடுப்பில் மிளகும் ஆரஞ்சுத் தோலும் சுள்ளென்று ஏறின. அவை அடங்கியதும் ஈர மண் ஒட்டிய வேரின் மணம். அதுவரைக்கும் இரண்டு கைகளும் ஒன்றுதான். மாலையில்தான் பிரிந்தன. ஓட்டுநர் கையில் காய்ந்த மரம். இவள் கையை முகர்ந்த மூக்கு புருவத்தை உயர்த்தினாள்.

"இதோட விசேஷமே கடைசியில மிஞ்சுறதுதான். அதுல நான் பெருசா ஒண்ணும் வைக்கலை. போட்டுக்கிட்டவங்க உள்ளே என்ன இருக்கோ, அதை இழுத்துட்டு வந்துரும்."

வீடு திரும்பப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது இவள் தன் மணிக்கட்டைத் தூக்கி முகர்ந்தாள். ஈரத்துணியில் இஸ்திரிப் பெட்டி படும்போது எழும் ஆவி. அதற்கும் அடியில், சூடேறிய செம்பு.

அக்காவின் தலையணை.

அக்கா இவளைவிட ரொம்ப மூத்தவள். இவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பிக்கும் முன்பே கல்யாணமாகித் தூரத்து ஊருக்குப் போனவள். ரத்தத்தில் நோய் கண்டு படுத்த பிறகு, பார்த்துக்கொள்ள இவள் போனாள். அந்தக் கடைசி மாதங்களில்தான் அக்காவின் பக்கத்தில் படுத்தாள். அப்போது நாசியில் ஏறிய வாசனை இது. நோயின் வாசனை என்று அன்றைக்கே மனதில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள்.

உள்ளே என்ன இருக்கோ, அதை இழுத்துட்டு வந்துரும்.

வீட்டுக்குப் போனதும், வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல்முறையாக, அந்தக் கையைச் சோப்பு போட்டுத் தேய்த்தாள். தோல் எரியும்வரை தேய்த்தாள். மறுநாள் மூக்கு எட்ட நின்றே கண்டுபிடித்துவிட்டாள்.

"கை, என்ன இது? எலுமிச்சை சோப்பா? உனக்குப் பைத்தியமா?"

"தெரியாம பட்டுடுச்சு மேடம்."

சொட்டு விழுந்தது. மிளகு வந்தது, வேர் வந்தது, மாலையில் சொல்லிவைத்தாற்போல் செம்பும் வந்தது. சோறு இறங்கவில்லை. கண்ணாடியில் இமையைக் கீழே இழுத்து வெளிறியிருக்கிறதா என்று பார்த்தாள். எதேச்சையாக இடித்துக்கொண்ட இடம் கன்றிப்போனால் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருத்துவரிடம் போகக் கால் வரவில்லை. போனால் உறுதியாகிவிடும்.

வேறு தோலில் எப்படி வருகிறதென்று பார்த்துவிட நினைத்தாள். விடுமுறை நாள் காலையில், கடையிலிருந்து கொண்டுவந்த ஒரு சொட்டை மகளின் மணிக்கட்டில் வைத்தாள்.

"அடேங்கப்பா, உன் கஞ்சக் கையிலிருந்து சென்ட்டா! யாரும்மா செத்தா?"

"வாயைக் கழுவு" என்றாள்.

நாலு மணி தாண்டியதும் மகளின் கையைப் பிடித்து முகர்ந்தாள். ஈரத்துணி. செம்பு. தன்னைப் பற்றிய பயம் அந்த நொடியே எங்கோ போய்விட்டது. இது வேறு பயம். நிற்கவே விடாத பயம்.

"செருப்பை மாட்டு. பெரியப்பா வீட்டுக்குப் போறோம்."

அக்கா போன பிறகு அவள் கணவர், இவளுடைய மாமா, இந்த ஊருக்கே வந்து மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டும் பட்டறை போட்டிருந்தார். மாடியில் வீடு. விடுமுறையென்றும் பாராமல் செப்புக் கம்பிச் சுருளுக்கு வார்னிஷ் பூசிக்கொண்டிருந்தார்.

"மாமா, அக்காகிட்ட ஒரு வாசனை இருந்துச்சே. அது எப்போ ஆரம்பிச்சுது?"

"வந்ததும் வராததுமா என்னம்மா கேள்வி இது? என் மூக்கு கிரீஸ் மூக்கு. வார்னிஷைத் தவிர ஒண்ணும் ஏறாது."

"முகர்ந்து பாருங்க மாமா. பாப்பா, கையை நீட்டு."

இவள் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பை நிறுத்தினார். குழாயில் முகம் கழுவித் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, மகளின் மணிக்கட்டைப் பிடித்துக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

"எப்போ மாமா? நோவு வந்தப்புறமா?" அவளுக்குத் தன் குரலே கேட்கவில்லை.

"நோவா?" அவர் மெல்லத் தலையைத் தூக்கினார். "கல்யாணமான புதுசுல நான் வேலை விட்டு வருவேன். உங்க அக்கா கதவைத் திறப்பா. அவளுக்கு முன்னாடி இதுதான் வெளியே வரும். அப்புறம் கடைசி வரைக்கும் இதேதான். அத்தனை மருந்து வாடையிலயும் இது போகலை. நீ அப்பதானேம்மா அவ பக்கத்துல படுத்தே? உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் கம்பிச் சுருள் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை, பல்தான் கிட்டியது. ஏறிய பயம் அவ்வளவு சுலபமாக இறங்கவில்லை. நாளைக்கே இரண்டு பேருக்கும் ரத்தம் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். போகக் கால் வரும் என்றும் தோன்றியது.

"பெரியப்பா, விடுங்க, கூசுது" என்றாள் மகள்.

அவர் விட்டார். கொஞ்சம் தயங்கினார்.

"இது இன்னும் எவ்வளவு நேரம் இருக்கும்மா?"

அது அவளுக்குத் தெரிந்த விஷயம். "இருட்டுற வரைக்கும் இருக்கும் மாமா."

"அப்போ ரெண்டு பேரும் இருட்டின பிறகு போங்க." வார்னிஷ் டப்பாவை இறுக மூடினார். வாடை மேலே வராதபடி பட்டறையின் ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டு, மகளை முன்னால் விட்டு மாடிப்படி ஏறினார்.