கரண்ட் போன கருத்தரங்கு

எங்கள் விருத்தாசலம் கல்லூரியில் உயிர்களின் நடத்தையைக் கணினியில் உருவாக்கிப் பார்க்கும் 'செயற்கை உயிர்' துறை பற்றிய அந்தக் கருத்தரங்கை நடத்துவதே நான்தான் என்ற நினைப்பு, ஒருங்கிணைப்பாளரான எனக்கு.

மின்மினிகள் தலைவன் இல்லாமலே எப்படி ஒன்றாக மின்னுகின்றன என்று வெளியூர்ப் பேராசிரியை திரையில் காட்டத் தொடங்கியதும் கரண்ட் போய்விட்டது. மேடைக்கு ஓடினேன்.

"ஜெனரேட்டரு ரிப்பேருங்க மேடம்," என்றேன்.

"பரவால்ல" என்று சிரித்தவர், எல்லாருக்கும் டீ கொடுத்திருந்த பீங்கான் கப்புகளில் தன்னுடையதைக் கையில் எடுத்தார். "எல்லாரும் உங்க கப்பைப் பேனாவால தட்டுங்க. பக்கத்துல இருக்கறவங்க சத்தத்தோட சேர்ந்துக்கப் பாருங்க."

முதலில் எழுந்த தாறுமாறான சத்தத்தில் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. மெல்ல ஒவ்வொரு வரிசையாகத் தாளம் சேர்ந்தது. பிறகு அரங்கம் முழுவதும் ஒரே 'டிங்'.

"எங்கள யாரு மேடம் ஒண்ணு சேத்தாங்க?" என்றாள் ஒரு மாணவி.

"யாருமே இல்லம்மா."

கரண்ட் வந்ததை யாரும் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து எதையும் 'நான் நடத்தினேன்' என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.