விவாதம் முடிந்ததாக அறிவித்தேன்

என் சிறு வயதுக் கூட்டாளி ஒருவன் பேச இருந்த நேரத்தில், விதியைக் காட்டி அவனைப் பேசவிடாமல் செய்தேன். விதியில் பிழை இல்லை. நான் எதையும் திரித்து வாசிக்கவில்லை, உயர்ந்த கைகளைக் கூட்டியோ குறைத்தோ எண்ணவுமில்லை. எல்லாவற்றையும் முறைப்படி செய்துதான் அவனுக்கு அநியாயம் செய்தேன். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் தெரிந்தே செய்தேன்.

அந்த விதிகள் எனக்கு எங்கிருந்து வந்தன என்று முதலில் சொல்ல வேண்டும். என் உத்தியோக காலத்தின் பெரும் பகுதி, உலக நாடுகள் கூடிப் பேசும் ஒரு சபையில் கழிந்தது. நான் தூதுவர் அல்ல, தூதுவரின் முதுகுக்குப் பின்னால் போட்டிருக்கும் கதிரையில் இருந்தவன். எந்த விதியின் கீழ் எப்போது பேச இடம் கேட்கலாம் என்று அவர் காதில் சொல்வது என் வேலை. நடைமுறை விதிகளின் சிறு நூல் எப்போதும் என் கோட்டுப் பையில் இருக்கும்.

இன்றும் கண்ணை மூடினால் அந்த மண்டபம் தெரிகிறது. பேச விரும்பும் நாடு தன் பெயர்ப் பலகையைத் தூக்கி நிமிர்த்தி வைக்கும். ஒழுங்குப் பிரச்சினை எழுப்புகிறவர் நிமிர்த்திய பலகையின் மேல் உள்ளங்கையைக் கிடையாக வைப்பார். நேரம் முடிந்தால் மேடையில் சிவப்பு விளக்கு எரியும். காதுக் கருவிக்குள் ஒரு மொழிபெயர்ப்பாளரின் குரல் வரும். அந்தப் பெண்ணின் முகத்தை நான் கண்டதேயில்லை, ஆனால் அவளுக்குத் தடிமன் பிடித்தால் எனக்குத் தெரிந்துவிடும். வெளியே பனி கொட்டும். உள்ளே, ஒருவரையொருவர் பார்க்கவே விரும்பாதவர்கள் "மதிப்புக்குரிய பிரதிநிதி" என்று ஒருவரைப் பற்றி ஒருவர் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த மரியாதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பெரிய தேசத்துக்கும் வரைபடத்தில் தேடிப் பிடிக்க வேண்டிய தீவுக்கும் ஒரே ஒரு வாக்குத்தான்.

அப்படியொரு தீவின் பிரதிநிதி ஒருமுறை, பேச்சாளர் பட்டியல் மூடப்பட்ட பிறகு பலகையை நிமிர்த்தினார். மண்டபம் முழுவதும் பகல் சாப்பாட்டுக்கு எழும்பக் காத்திருந்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தார். "பட்டியல் மூடியாகிவிட்டது. ஆனால் பதிலுரைக்கு இடம் தர எனக்கு உரிமை இருக்கிறது. பேசுங்கள்" என்றார். அந்தத் தீவுக்காரர் என்ன பேசினார் என்பது மறந்துவிட்டது. தலைவர் கண்ணாடியைக் கழற்றியது மறக்கவில்லை. ஆகவே, விதியில் இரக்கத்துக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதென்று யாரும் சொல்ல முடியாது.

யுத்தம் முடிந்த பிறகு நான் கற்பிட்டிப் பக்கத்தில் உள்ள எங்கள் கரைக்குத் திரும்பி வந்தேன். மனைவி மௌத்தாகி அடக்கமாகியிருந்தாள். பிள்ளைகள் கடல் கடந்து போய்விட்டார்கள். காலமான என் ராத்தாவின், மூத்த சகோதரியின், மகன்தான் தன் வீட்டில் ஓர் அறை ஒழித்துத் தந்தான். அவன் கரையிலிருந்து இழுக்கும் கரைவலையின் சொந்தக்காரன், சம்மாட்டி என்பார்கள். நல்ல பிள்ளை. எனக்கு மீன் முள் எடுத்துத் தரும் அளவுக்கு நல்லவன்.

அந்த வருடங்கள் கரைக்கே புதிதாக இருந்தன. படையினரிடம் கேட்டுக் கேட்டுக் கடலுக்குப் போன காலம் முடிந்து, விரும்பிய நேரத்தில் போகலாம் என்றாகியிருந்தது. கடற்கரையின் ஒரு பகுதியில் யுத்தக் காலம் முழுவதும் படை முகாம் இருந்தது. அது எடுபட்டதும் அந்த மணல் வெறுமையாகக் கிடந்தது. கரைவலை போட்டு இழுக்கும் இடத்தை எங்கள் பக்கத்தில் பாடு என்போம். முகாம் இருந்த அந்தப் பாட்டில் யார் யாருக்கு எந்தெந்த நாள் என்பதுதான் எல்லோருடைய கதையும்.

மீனவர் சங்கத்தில் கூட்டம் வைத்தால் சத்தம் கடல்வரை கேட்கும். வெளிநாட்டுச் சபையில் இருந்தவர் என்று என்னைத் தலைவராக இருத்தினார்கள். நான் என் விதிகளை அவிழ்த்தேன். பேசுவதற்குக் கை உயர்த்த வேண்டும், ஒருவர் பேசும்போது மற்றவர் பேசக் கூடாது, பிரேரணை வேண்டும், ஆமோதிப்பு வேண்டும். சிரித்துக்கொண்டே பழகிக்கொண்டார்கள். ஒரு மாதத்தில் அது தேத்தண்ணிக் கடைவரை போய்விட்டது. அங்கே என்னைக் கண்டால் யாராவது ஒரு பொடியன் கை உயர்த்துவான்.

"தலைவர் அவர்களே, ஒழுங்குப் பிரச்சின!"

"என்ன மவன்?"

"இந்தப் பிளேன்டீல சீனி போடல்ல. கடக்காரன் பதில் செல்லணும்."

"நீ போன கிழமக் காசுக்கு முதல்ல பதில் செல்லு" என்று கடைக்காரர் உள்ளேயிருந்து கத்துவார். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருக்கும். பனி கொட்டும் ஊரில் நான் காதில் ஓதிய விதிகள் இந்த வெயிலிலும் நடக்கின்றனவே என்று நினைத்துக்கொள்வேன்.

என் கூட்டாளியின் வாப்பாவுக்கு அந்தப் பாட்டில் முறை இருந்தது. நாங்கள் இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். நான் புத்தளத்துக்கும் பிறகு கொழும்புக்கும் படிக்கப் போனேன், அவன் வலைக்குப் போனான். முகாம் வந்தபோது அவனுடைய வலைதான் கரையேறியது. மற்றவர்களுக்கு வேறு பாடுகள் இருந்தன, அவனுக்கு அது ஒன்றுதான். அன்றிலிருந்து பாலாவியில் உப்பு விளையும் வாய்க்காலில் கூலி வேலை செய்தான். வலை கொட்டிலில் தொங்கியது. நான் திரும்பி வந்த அன்று என்னைத் தேடி வந்து, "என்ன மச்சான், கிழடாப் போனாய்!" என்று கட்டிப்பிடித்தவன் அவன்தான். அவன் சட்டையிலிருந்து உப்பு என் கையில் ஒட்டியது.

இங்கே எங்கள் கரையின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கூட்டத்தில் குறை உள்ளவன் முன்னால் இருக்க மாட்டான், கேட்டுப் பேசவும் மாட்டான். மற்றவர்கள் எல்லோரும் பேசி, தேத்தண்ணி குடித்து ஓய்ந்த பிறகு, கரையில் மூத்தவர் அவன் பக்கம் திரும்பி "நீ என்ன செல்றாய்?" என்று கேட்பார். அப்போதுதான் வாய் திறப்பான். தானாக எழும்பிக் கேட்பது கையேந்துவதற்குச் சமம். ஆனால் கடைசியில் அவன் சொன்னதற்கு யாரும் எதிர்க்கதை பேச மாட்டார்கள். முடிந்ததைக் கொடுத்துவிட்டுத்தான் எழும்புவார்கள்.

தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று அடங்கி வலைக்காலம் தொடங்குவதற்கு முன், பாட்டைப் பங்கிடக் கூட்டம் கூடியது. கடற்றொழில் அலுவலகத்திலிருந்து ஓர் இளம் அதிகாரியும் வந்திருந்தார். என் ஒழுங்கை அவர் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. அதைவிட முக்கியமான காரணம் வேறு. என் மருமகனுக்கும் இன்னும் மூன்று சம்மாட்டிகளுக்கும் அந்தப் பாட்டைப் பிரிப்பதென்று பிரேரணை இருந்தது. வேறு வலைக்கு அங்கே இடமில்லை என்றும் அதில் ஒரு வரி இருந்தது. கூட்டாளி பேசினால் கரை அவனுக்குக் கொடுக்கும். கொடுப்பது மருமகனின் பங்கிலிருந்துதான் போகும் என்று நினைத்தேன். நான் உண்பது மருமகனின் சோறு.

எல்லோரும் பேசினார்கள். தேத்தண்ணி வந்தது. கடைசி வரிசையில் கூட்டாளி கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியைச் சரிசெய்தான். மூத்தவர் மெதுவாக அவன் பக்கம் திரும்பத் தொடங்கினார். அந்த நேரத்தில் மருமகன் கையை உயர்த்தினான்.

"தலைவர் அவர்களே, விவாதத்த முடிக்கணும்னு பிரேரிக்கிறேன்."

அவனுக்கு அதைக் கற்றுக் கொடுத்தவன் நான்தான். அந்தப் பிரேரணை வந்தால் வேறெதையும் பேச முடியாது. எதிர்க்கிறவர் இருவர் மட்டும் பேசலாம், உடனே வாக்கெடுப்பு. "எதிர்ப்பவர்கள் உண்டா?" என்று கேட்டேன்.

மூத்தவர் இருந்த இடத்திலிருந்தே சொன்னார்: "என்ன மவன் இது? அவன்ட கதய இன்னம் கேக்கல்லயே."

"பெரியவர், நீங்க கை உயர்த்தல்ல. உங்களுக்கு இன்னும் பேச இடம் தரல்ல" என்றேன்.

சிலர் சிரித்தார்கள். மூத்தவர் என்னையே பார்த்தார். அவர் கை மடியில் கிடந்தது. அதை உயர்த்தச் சொல்லி நான் அவரைக் கேட்டிருக்கலாம். கண்ணாடியைக் கழற்றிக் கூட்டாளியைப் பார்த்திருக்கலாம். மாறாக, கண்ணாடிக் கூட்டால் மேசையைத் தட்டினேன். கைகள் உயர்ந்தன. விவாதம் முடிந்ததாக அறிவித்தேன். பிரேரணையும் நிறைவேறியது. அதிகாரி என் கையைப் பிடித்து, இவ்வளவு ஒழுங்கான கூட்டத்தைத் தான் கண்டதில்லை என்றார்.

கூட்டாளி தன் கதிரையைத் தூக்கி மற்றக் கதிரைகளின் மேல் அடுக்கிவிட்டு என்னைக் கடந்து போனான்.

"மச்சான்…" என்றேன்.

அந்த அதிகாரியைக் கூப்பிடுவதுபோல "சரி சேர்" என்றான்.

அந்த வலைக்காலம் முழுவதும் மருமகன் வீட்டு மீன் எனக்கு இறங்கவில்லை என்று எழுதினால் அது பொய். நன்றாகவே சாப்பிட்டேன். புத்தளத்துக்குப் போகும் வழியில் பாலாவியில் பஸ் நிற்கும்போது மட்டும் மற்றப் பக்கம் பார்த்துக்கொள்வேன்.

மிளகாய்த் தோட்டம் ஒன்றைச் சுற்றி வலை கட்டியிருந்ததை ஒருநாள் வழியில் கண்டேன். எங்கள் பக்கத்தில் பழைய வலையை வேலியாகக் கட்டுவது வழமைதான். ஆனால் இது கழித்துப்போட்ட வலையாகத் தெரியவில்லை. தோட்டத்துக்காரப் பெண்ணிடம் கேட்டேன்.

"தங்கச்சி, இது யாருட வலை?"

"ஒங்கட கூட்டாளிட வலதான். இனி என்னத்துக்கு எனக்கெண்டு செல்லிச் சும்மாவே தந்துட்டாரு. பக்கத்துத் தோட்டத்துக்கும் குடுத்தாரு." பிறகு முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "ஒங்கட சபையில பேசேலாமப் போன மனிசன், மாடு மிதிக்காத மொளகாயாவது இருக்கட்டும் எண்டு குடுத்திருப்பாரு."

சபையின் விதிகளில் இன்னொன்று இருக்கிறது. முடிந்துபோன தீர்மானத்தைத் திரும்ப எடுக்கலாம், ஆனால் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும். என் உத்தியோக காலத்தில் அதற்கு அநேகமாக வேலை இருந்ததில்லை. அடுத்த சோளகம் முடிவதற்குள் அதைப் பிடித்துக்கொண்டேன். வீடு வீடாகப் போய், நான் செய்தது இன்னது, ஏன் செய்தேன் என்பது இன்னது என்று சொன்னேன். அது மருமகன் காதுக்குப் போனது.

"மாமா, நீங்க சோறு திங்கிறது எங்க?" என்று கேட்டான். அவன் மனைவிதான் "வயசு போன மனிசர்ட்டப் பேசுற பேச்சா இது" என்று அவனை உள்ளே இழுத்துப் போனாள்.

கடைசியாகக் கூட்டாளியின் வீட்டுக்குப் போனேன். கூட்டத்துக்கு வரும்படி கேட்டேன்.

"எனக்குப் பேச நேரம் இரிக்குமா, சேர்? இல்லாட்டி மேசையத் தட்டிருவீங்களா?"

"நான் தலைவர் கதிரையில இருக்க மாட்டன்."

"அப்ப ஆரு இருப்பாங்க?"

"மூத்தவர்."

கூட்டத்துக்கு வந்தான். அதே கடைசி வரிசையில் இருந்தான்.

நான் கதிரையை விட்டு இறங்கிக் கையை உயர்த்தினேன். மூத்தவர் என்னை வேண்டுமென்றே கொஞ்ச நேரம் காக்க வைத்தார். எல்லோருக்கும் அது விளங்கியது, எனக்கும் விளங்கியது. பிறகுதான் "செல்லு" என்றார். மருமகனுக்காகச் செய்தேன் என்று சபை நடுவே சொன்னேன். தீர்மானத்தைத் திரும்ப எடுக்கும்படி பிரேரித்தேன். மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டிக் கைகள் உயர்ந்தன. மருமகன் கையை உயர்த்தவில்லை, எழும்பிப் போகவுமில்லை.

தேத்தண்ணி வந்தது. மூத்தவர் திரும்பினார்.

"நீ என்ன செல்றாய்?"

கூட்டாளி எழும்பினான். "நான் போன வருசமும் இதத்தான் செல்ல இருந்த. வெள்ளிக்கிழம ஒங்க ஒருத்தர்ட வலையும் எறங்குறல்ல. ஜும்ஆத் தொழுக முடிஞ்சாப் பொறகு அந்தக் கர சும்மாதான் கிடக்கிது. அந்தப் பின்னேரத்த எனக்குத் தந்தாப் போதும். வாப்பாட பாட்டுல வாப்பாட வல நனையணும். அவ்வளவுதான்."

மருமகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேறெவருக்கும் வேண்டாத ஒரு பின்னேரம் அது. அதைக் கொடுத்தால் மருமகனுக்கு ஒரு மீனும் குறைந்திருக்காது. அதைக் கேட்க அவனுக்கு ஒரு நிமிடம்கூடப் பிடித்திருக்காது. அந்த ஒரு நிமிடத்தைத்தான் நான் கொடுக்கவில்லை.

வெள்ளிப் பின்னேரம் அவனுக்கென்று தீர்மானமானது. தோட்டங்களில் வேலியை அவிழ்க்கும்போது நானும் போனேன். மிளகாய்ச் செடிக்கு நோகாமல் முடிச்சை அவிழ்க்க அந்தப் பெண்தான் காட்டித் தந்தாள். வலையின் ஒரு பக்கத்தை வெயில் தின்றுவிட்டிருந்தது. கிழிசலில் தைத்துப் பொத்த முடிந்ததைப் பொத்தினார்கள். முடியாத துண்டுக்குப் பதிலாக ஒருநாள் காலையில் கூட்டாளியின் வாசலில் ஒரு வலைத் துண்டு கிடந்தது. மருமகன் போட்டுவிட்டுப் போயிருந்தான்.

முதல் வெள்ளிக்கிழமை, பாலாவியிலிருந்து உப்பு வேலைக்காரர் சிலர் ஜும்ஆ முடித்து பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கயிற்றில் கடைசி ஆளாக நானும் நின்றேன். வலையின் மடி கரைக்கு வந்தபோது பாதி, தொட்டால் அரிக்கும் சொறிமுட்டை; மீதி சின்னச் சாளை மீன். கூட்டாளி முழங்கால் தண்ணீரில் நின்று அதைப் பார்த்துச் சிரித்தான். என் பக்கம் பார்த்துச் சிரித்தானா என்று எனக்குத் தெரியாது. கயிறு இழுத்தவர்களுக்குப் பங்கு பிரிக்கும்போது மற்றவர்களுக்குக் கொடுத்த அளவையே எனக்கும் ஒரு பையில் போட்டுத் தந்தான்.

பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளிலும் போனேன், இப்போதும் உடம்பு விட்டால் போகிறேன். மரியாதையாக நடத்துகிறான். களைத்தால் உட்காரச் சொல்லிக் கவிழ்த்த கூடையைத் தள்ளுகிறான். மச்சான் என்று மட்டும் அவன் பிறகு கூப்பிடவில்லை. போன வெள்ளிக்கிழமையும் அலை இழுப்பில் என் பிடி வழுகியபோது தண்ணீருக்குள்ளிருந்து கத்தினான்:

"சேர், கால ஊண்டிப் புடிங்க! கயித்த விட்றாதீங்க!"

காலை ஊன்றிப் பிடித்தேன்.