பனி துடைத்தவர்

ராகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் புது வீட்டுச் சாவி வழங்கும் விழாவுக்கு வாழ்த்துரை சொல்லப் போயிருந்தேன். அதை நடத்த டவுனிலிருந்து வந்தவரை மறக்க முடியவில்லை. ஒல்லி உடம்பு, சேறு படாத வெள்ளைச் சப்பாத்து, கழுத்தில் விசில். பனி இறங்க இறங்க, முன்வரிசைக் கதிரைகளைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தார். பனிக்கு முன்வரிசை, பின்வரிசை தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்று நல்ல சேலையில் வந்த பெண்களை, "கொழுந்துக் கூடையோட வாங்கக்கா, போட்டோவுக்கு அதுதான் எடுப்பு" என்று திருப்பி அனுப்பினார்.

"லீவு நாள்லயும் கூடையா? அப்ப சம்பளம் போடுவீங்களா தம்பி?" என்றாள் ஒருத்தி. அவரும் சேர்ந்து சிரித்தார்.

மண்சரிவில் லயத்து வீடு போய், பிள்ளைகளோடு பள்ளிக்கூட மண்டபத்தில் கிடப்பவள் அவள். முதுகில் கூடையோடு சாவி வாங்கும்போது அழுதாள். கைதட்டினோம். கார்கள் போயின.

"மலைக்கு அந்தப் பக்கம் கட்டியாச்சுன்னாங்களே, எங்க வீடு எதுங்க தம்பி?"

"இன்னும் அத்திவாரமே போடலக்கா. சாவியக் குடுங்க, நாளைக்கு உடப்புசல்லாவையில விழா இருக்கு."

ஈரமாயிருந்த சாவியை அதே கைக்குட்டையால் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

"ஒரு கொறையும் இல்லாம நடந்துச்சுல்லங்க?"

கேலியில்லை, உண்மையாகவே கேட்டார். அவள் கூடையை இறக்காமலே மண்டபத்துப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள்.